சாக்ஸபோன் படங்களும் ஒரு சரித்திர வாத்தியாரும்

இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து தூங்கியவர்கள் இதையும் பாதியில் விட்டுவிடலாம். நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

போன வாரம் வீட்டுக்கு வெள்ளையடித்தோம். பரண்மேல் இருந்த தகரப் பெட்டியை இறக்கி வைத்தபோது பேரன் திறந்து பார்த்துவிட்டான். உள்ளே சுமார் 240 படங்கள். கோட்டும் டையும் போட்ட மனிதர்கள், ஒவ்வொருவர் கையிலும் ஒரு வளைந்த வாத்தியம். "தாத்தா, இவங்க எல்லாம் நம்ம சொந்தக்காரங்களா?" என்று கேட்டான். "சொந்தம் மாதிரிதான்டா" என்றேன்.

அவர்கள் எல்லோரும் அமெரிக்க ஜாஸ் இசைக் கலைஞர்கள். 1930களிலும் 40களிலும் சாக்ஸபோன் வாசித்தவர்கள். "பானிப்பட்டுப் போர் நடத்தின சாருக்கு சாக்ஸபோன் எதற்கு?" என்று உங்களில் சிலர் முன்பே கேட்டிருக்கிறீர்கள். அப்போதெல்லாம் சிரித்து மழுப்பிவிட்டேன். இன்று சொல்கிறேன்.

நம் உறவினர்களுக்குத் தெரியும், என் பெரியப்பா பேண்டு வாத்தியக்காரர். கல்யாண ஊர்வலங்களிலும் திருவிழாக்களிலும் கிளாரினெட் வாசித்தவர். அவருடைய கோஷ்டி ஒரு ஸ்டூடியோவில் எடுத்துக்கொண்ட படம் ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. ஏழு பேர். இடமிருந்து மூன்றாவது பெரியப்பா. கடைசியில் ஒல்லியாக ஒருவர் சாக்ஸபோனோடு நிற்பார். சின்ன வயதில் அந்த வாத்தியத்தின் வளைவையே பார்த்துக்கொண்டிருப்பேன். அவர் யாரென்று ஒருநாள் கேட்டேன். பெரியப்பாவும் பெயர் சொன்னார். நான் எழுதி வைத்துக்கொள்ளவில்லை. 1988-இல் பெரியப்பா காலமானார். அந்தப் பெயரும் அவரோடு போய்விட்டது.

பெரியப்பா வீட்டு ரேடியோவில் இரவில் சிற்றலையில் வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா கேட்கும். வில்லிஸ் கானோவர் என்பவர் 1955 முதல் அதில் ஜாஸ் நிகழ்ச்சி நடத்திவந்தார். உலகத்தின் பல மூலைகளிலும் ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்தவர்கள் கேட்பார்கள் என்பதற்காகவே நிறுத்தி நிதானமாகப் பேசுவார். பாட்டு புரியாவிட்டாலும் பெயர்கள் புரியும். கோல்மன் ஹாக்கின்ஸ். லெஸ்டர் யங். ஜானி ஹாட்ஜஸ். பெயர் தெரிந்தது, முகம் தெரியவில்லை. எங்கள் வீட்டுப் படத்தில் முகம் தெரிந்தது, பெயர் தெரியவில்லை. சேகரிப்பு அங்கேதான் தொடங்கியது.

1979-இல் சைதாப்பேட்டையில் பி.எட். படித்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் மூர் மார்க்கெட் போவேன். பழைய அமெரிக்கப் பத்திரிகைகள் குவியலாகக் கிடக்கும். முதலில் வாங்கிய படங்கள் எல்லாம் அவற்றிலிருந்து கத்தரித்தவைதான். 1985-இல் மூர் மார்க்கெட் எரிந்தபோது, சொந்த வீடு எரிந்த மாதிரி இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

சரி, பாடத்துக்கு வருவோம். சாக்ஸபோன் என்றதும் உங்களுக்கு 1994-இல் வந்த 'டூயட்' படமும், அதில் வாசித்த கத்ரி கோபால்நாத்தும்தான் நினைவுக்கு வருவார்கள். அந்த வாத்தியத்தை உருவாக்கியவர் பெல்ஜியத்துக்காரரான அடால்ஃப் சாக்ஸ். 1846-இல் பாரிஸில் காப்புரிமை பெற்றார். முதலில் ராணுவ பேண்டுகளில் புகுந்தது. அமெரிக்காவில் 1920களின் தொடக்கம்வரை அதை வேடிக்கை காட்டும் வாத்தியமாகத்தான் பலர் நினைத்தார்கள். குதிரை கனைப்பது போலவும் கோழி கொக்கரிப்பது போலவும் வாசித்துக் கைதட்டல் வாங்குவார்கள்.

அதை மாற்றியவர்களில் முதல்வர் கோல்மன் ஹாக்கின்ஸ். 1904-இல் மிசௌரி மாநிலத்தில் பிறந்தவர். கனத்த, அகலமான ஒலி அவருடையது. ஐந்து ஆண்டுகள் ஐரோப்பாவில் இருந்துவிட்டு 1939-இல் ஊர் திரும்பினார். அந்த ஆண்டு அக்டோபர் 11-ஆம் தேதி 'பாடி அண்ட் சோல்' என்ற மெட்டைப் பதிவு செய்தார். மூல மெட்டைத் தொடக்கத்தில் தொட்டுக்காட்டிவிட்டு, மீதி முழுவதும் சொந்தக் கற்பனை. நம் வித்வான்கள் ராகத்தை விரிப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இசைத்தட்டு மக்களிடமும் நன்றாக விற்றது.

1935 முதல் சுமார் பத்து ஆண்டுகளை ஸ்விங் காலம் என்கிறார்கள். 1935 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் பாலமார் நடன அரங்கில் பென்னி குட்மன் குழுவுக்குக் கிடைத்த வரவேற்பை அதன் தொடக்கமாகச் சொல்வது வழக்கம். பதினான்கு, பதினைந்து பேர் கொண்ட பெரிய குழுக்கள். ஊர் ஊராகப் பேருந்திலும் ரயிலிலும் போய் நடன அரங்குகளில் வாசிப்பார்கள். முன்வரிசையில் நான்கைந்து சாக்ஸபோன்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள்.

இந்தக் குழுக்களை விளம்பரப்படுத்துவதற்காகத்தான் பெரும்பாலான படங்கள் எடுக்கப்பட்டன. பளபளப்பான தாளில், எட்டுக்குப் பத்து அங்குல அளவு. குழுத் தலைவர் நடுவில் சிரிப்பார். கீழே அவர் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோருக்கும் சேர்த்து 'அவருடைய ஆர்க்கெஸ்ட்ரா' என்று ஒரே வார்த்தை. தலைவரை அடையாளம் காண ஒரு நொடி போதும். பின்வரிசைக்காரரை அடையாளம் காண எனக்குச் சில சமயம் பத்து வருடம் ஆகியிருக்கிறது.

இதில் நான் செய்த ஒரு பெரிய தவற்றை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

கவுன்ட் பேஸி குழுவில் ஒரே நேரத்தில் இரண்டு பெரிய டெனர் சாக்ஸபோன் கலைஞர்கள் இருந்தார்கள். ஒருவர் லெஸ்டர் யங், மென்மையான, காற்றைப் போன்ற ஒலி. மற்றவர் டெக்சஸ் மாநிலத்தின் ஹெர்ஷல் எவன்ஸ். ஹாக்கின்ஸ் வழியில் வந்த கனமான ஒலி. இருவரும் வரிசையின் இரு முனைகளில் உட்கார்ந்து போட்டி போட்டு வாசிப்பார்கள். ரசிகர்களும் இரு கட்சி. நம் ஊர் நாதஸ்வரக் கச்சேரிகளில் பார்த்த கதைதான்.

என்னிடம் பேஸி குழுவின் படம் ஒன்று இருந்தது. மூர் மார்க்கெட்டில் வாங்கியது. லெஸ்டரைக் கண்டுபிடிப்பது எளிது. அந்த நாட்களில் அவர் வாத்தியத்தை நேராகப் பிடிக்கமாட்டார். புல்லாங்குழல் பிடிப்பது போல பக்கவாட்டில் தூக்கிப் பிடிப்பார். மறுமுனையில் இருந்தவர் எவன்ஸாகத்தான் இருக்கவேண்டும் என்று முடிவு செய்து, படத்தின் பின்னால் 'ஹெர்ஷல் எவன்ஸ், 1939 கோடை' என்று பேனாவால் எழுதிவிட்டேன். அதோடு விட்டேனா? பிளஸ் ஒன் வகுப்பில் 'வரலாற்றுச் சான்றுகள்' நடத்தும்போது அந்தப் படத்தைக் கொண்டுவந்து காட்டிப் பெருமையும் அடித்துக்கொண்டேன். 1993 பேட்ச் பிள்ளைகளுக்கு நினைவிருக்கலாம்.

பல வருடம் கழித்துத்தான் உறைத்தது. எவன்ஸ் இறந்தது 1939 பிப்ரவரி 9-ஆம் தேதி. இதய நோய். வயது 29. கோடையில் அவர் எப்படிப் படத்தில் உட்கார்ந்திருக்க முடியும்? உட்கார்ந்திருப்பவர் அவருக்குப் பதிலாக அந்த ஆண்டு சேர்ந்த பட்டி டேட். அவரும் டெக்சஸ்காரர். அவருடைய வேறு படங்களோடு காது, நெற்றி, உதடு எல்லாம் ஒப்பிட்டுப் பார்த்து உறுதி செய்தேன். லெஸ்டர் 1940 டிசம்பரில் அந்தக் குழுவை விட்டு விலகினார். ஆக, லெஸ்டரும் டேட்டும் சேர்ந்து இருக்கும் அந்தப் படம் 1939-க்கும் 1940 முடிவுக்கும் இடைப்பட்டது. ஒருவர் இறந்த தேதியும் ஒருவர் விலகிய தேதியும் சேர்ந்து ஒரு படத்துக்கு வயது சொல்லிவிட்டன. சான்றை எப்படிப் படிக்கவேண்டும் என்று நான் நடத்தியது சரி, காட்டிய சான்றுதான் தப்பு. 1993 பேட்ச், உங்கள் வாத்தியாரை மன்னித்துவிடுங்கள்.

இறந்த ஒருவருக்கு நான் உயிர் கொடுத்துவிட்டேன் என்பதைவிட, உயிரோடு உட்கார்ந்திருந்தவரின் பெயரை அழித்துவிட்டேன் என்பதுதான் எனக்கு வருத்தமாக இருந்தது.

இந்த விஷயத்தில் நான் கையெடுத்துக் கும்பிடும் மனிதர் வில்லியம் காட்லீப். 1938 வாக்கில் வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகையில் வாராவாரம் ஜாஸ் பற்றி எழுதினார். அவருடைய கட்டுரைக்குப் புகைப்படக்காரரை அனுப்ப நிர்வாகம் பணம் கொடுக்கவில்லை. சரி என்று தானே ஒரு பெரிய பிரஸ் கேமரா வாங்கிக்கொண்டார். பிலிம் விலை, ஃபிளாஷ் பல்பு விலை எல்லாம் அவர் பையிலிருந்து. ஒரு பல்பு ஒரு முறைதான் எரியும். அதனால் ஒரு நிகழ்ச்சிக்கு மூன்று நான்கு படம்தான். எப்போது அமுக்கவேண்டும் என்று தெரிய, முதலில் அந்தக் கலைஞரின் வாசிப்பு தெரிந்திருக்கவேண்டும். அவருக்குத் தெரிந்திருந்தது.

1948 வரை எடுத்த சுமார் 1,600 படங்களை அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 1995-இல் வாங்கியது. காட்லீப்பின் விருப்பப்படி 2010 பிப்ரவரியில் அவை எல்லாம் பொதுச்சொத்தாகிவிட்டன. நீங்களும் நானும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். முப்பது வருடம் பழைய பேப்பர் கடைகளில் நான் தேடியதைவிட அதிகம், என் மகள் ஒரே இரவில் கம்ப்யூட்டரில் இறக்கிக் கொடுத்துவிட்டாள். சந்தோஷம் பாதி, பொறாமை பாதி.

அதில் எனக்குப் பிடித்தது 1947 ஜூலை வாக்கில் நியூயார்க்கின் த்ரீ ட்யூசஸ் கிளப்பில் எடுத்த ஒரு படம். கோல்மன் ஹாக்கின்ஸ் கண்ணை மூடி வாசிக்கிறார், வயது 42. பக்கத்தில் டிரம்பெட்டோடு ஓர் இளைஞர், வயது 21. பெயர் மைல்ஸ் டேவிஸ். ஒரு காலம் முடிவதும் இன்னொன்று தொடங்குவதும் ஒரே சட்டத்துக்குள் நிற்கின்றன. அந்தப் படத்தை முக்கியமாக்குவது அதோடு பாதுகாக்கப்பட்ட ஒரு வரி. யார், எந்த இடம், எந்த மாதம். அது இல்லாவிட்டால் ஒரு பெரியவரும் ஒரு பையனும், அவ்வளவுதான்.

படம் பொய் சொல்லாது என்பார்கள். நான் அதை நம்புவதில்லை. இரண்டு உதாரணம் சொல்கிறேன்.

1944-இல் 'ஜாமின் த ப்ளூஸ்' என்று பத்து நிமிடக் குறும்படம் ஒன்று எடுத்தார்கள். எடுத்தவர் லைஃப் பத்திரிகையின் புகைப்படக்காரர் ஜோன் மிலி. தொடக்கத்தில் ஒரு வட்டம் தெரியும். என்னவென்று புரியாது. மெல்ல நிமிர்ந்ததும்தான் அது லெஸ்டர் யங்கின் தொப்பி என்று தெரியும். அந்தப் படத்தில் வாசித்தவர்களில் ஒருவர் மட்டும் வெள்ளையர், கிட்டார் கலைஞர் பார்னி கெசல். கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாக உட்கார்ந்து வாசிப்பதைத் திரையில் காட்டினால் தென் மாநிலங்களில் எதிர்ப்பு வரும் என்று ஸ்டூடியோ பயந்தது. கெசலை நிழலில் உட்காரவைத்தார்கள். கைகள் குளோசப்பில் வரும்போது வெள்ளை தெரியாமலிருக்கப் பழச்சாற்றால் கறை பூசினார்கள். உலகப் போரில் ஹிட்லரின் இனவெறியை எதிர்த்து அமெரிக்கா சண்டை போட்டுக்கொண்டிருந்த அதே ஆண்டில் இது நடந்தது.

இரண்டாவது, எனக்கு வாத்தியார் என்ற முறையில் நெருக்கமானது. மிசிசிப்பி மாநிலத்தில் பைனி வுட்ஸ் என்ற பள்ளி, ஏழைக் கறுப்பினப் பிள்ளைகளுக்கானது. பள்ளிக்கு நிதி திரட்ட 1937-இல் அங்கே மாணவிகளைக் கொண்டு ஒரு ஸ்விங் குழு அமைத்தார்கள். பெயர் 'இன்டர்நேஷனல் ஸ்வீட்ஹார்ட்ஸ் ஆஃப் ரிதம்'. 1941-இல் பள்ளியை விட்டு விலகித் தொழில்முறைக் குழுவானார்கள். கறுப்பினப் பெண்களோடு சீன, மெக்சிகோ வம்சாவளிப் பெண்களும் இருந்தார்கள். டெனர் சாக்ஸபோன் வாசித்த வை பர்ன்சைட் ஆண்களுக்கு எந்த விதத்திலும் குறைந்தவர் இல்லை.

1943-இல் ராஸ் க்ரான் என்ற வெள்ளையினப் பெண் ஆல்டோ சாக்ஸபோன் வாசிக்கச் சேர்ந்தார். தென் மாநிலச் சட்டப்படி அவர் மற்றவர்களோடு சேர்ந்து தங்கவோ சாப்பிடவோ கூடாது. போலீஸ் கண்ணில் படாமலிருக்க முகத்தில் கருமையான மேக்கப் போட்டுக்கொள்வார். ஹோட்டல்களில் இடம் கிடைக்காததால் குழு பேருந்திலேயே தூங்கும். என் பெட்டியில் இருக்கும் குழுப் படத்தில் எல்லோரும் ஒரே மாதிரி உடையில் அழகாகச் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இருந்த பயம் படத்தில் எங்கேயும் தெரியாது. யாராவது சொல்லவேண்டும், யாராவது எழுதவேண்டும்.

இதை உள்ளிருந்தே பதிவு செய்தவர் ஒருவர் உண்டு. கேப் கேலோவே குழுவில் பாஸ் வாசித்த மில்ட் ஹின்டன். வாத்தியத்தோடு ஒரு சிறிய கேமராவையும் எப்போதும் வைத்திருந்தார். நண்பர்கள் ரயிலில் வாய் திறந்து தூங்குவது, சீட்டு விளையாடுவது, 'கறுப்பர்களுக்கு மட்டும்' என்ற பலகையின் கீழ் நிற்பது, எல்லாவற்றையும் எடுத்தார். விளம்பரப் படத்துக்குச் சிரிப்பவர்கள் இவருடைய படத்தில் களைத்திருப்பார்கள். அந்தக் குழுவின் டெனர் கலைஞர் சூ பெர்ரி 1941 அக்டோபரில் கார் விபத்தில் இறந்தார். வயது 33. அப்படிப் போனவர்களோடு ஒன்றாகச் சாப்பிட்டுத் தூங்கிய ஒருவர் கையில் கேமரா இருந்தது நம் அதிர்ஷ்டம்.

போருக்குப் பின் பெரிய குழுக்கள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. 1958 ஆகஸ்ட் 12 காலையில் எஸ்குயர் பத்திரிகைக்காக ஆர்ட் கேன் என்ற இளைஞர் ஹார்லெம் பகுதியில் ஒரு வீட்டுப் படிக்கட்டின் முன்னால் 57 ஜாஸ் கலைஞர்களை நிறுத்திப் படம் எடுத்தார். நம் பள்ளி குரூப் போட்டோ போலவேதான். யாரும் வரிசையில் நிற்கவில்லை, எல்லோரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். என் பெட்டியின் இரண்டு பெரியவர்களும், ஹாக்கின்ஸும் லெஸ்டரும், அதில் இருக்கிறார்கள். லெஸ்டர் தன் தொப்பியோடு நிற்கிறார். ஏழு மாதத்தில், 1959 மார்ச் 15 அன்று, அவர் காலமானார். வயது 49.

அந்தப் படத்தில் கவுன்ட் பேஸி நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார். அவர் பக்கத்தில் அந்தத் தெருப் பையன்கள் வரிசையாக உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறார்கள். 57 கலைஞர்களின் பெயர்ப் பட்டியல் உலகம் முழுக்க உண்டு. அந்தப் பட்டியலில் அந்தப் பையன்களுக்கு இடமில்லை. படத்தைப் பார்க்கும்போதெல்லாம் என் கண் முதலில் அவர்களிடம்தான் போகிறது. வாத்தியார் கண் அல்லவா.

கடைசியாக ஒன்று. 1948-இல் ஹெர்மன் லியோனார்ட் எடுத்த லெஸ்டர் யங் படம் ஒன்றில் லெஸ்டரே கிடையாது. வாத்தியப் பெட்டிமேல் அவர் தொப்பி, இசைக் குறிப்புத் தாள், ஒரு கோக் பாட்டில், அதன்மேல் புகையும் சிகரெட். அவ்வளவுதான். ஆனாலும் பார்த்தவுடன் யாரென்று தெரியும். 2005-இல் கத்ரினா புயலில் நியூ ஆர்லியன்ஸில் லியோனார்டின் வீடு மூழ்கி ஆயிரக்கணக்கான பிரிண்டுகள் அழிந்தன. நெகட்டிவ்களை ஓர் அருங்காட்சியகத்தில் பத்திரப்படுத்தியதால் படங்கள் தப்பின.

நம் வீடுகளில் நெகட்டிவும் இல்லை, அருங்காட்சியகமும் இல்லை. ஞாபகம் உள்ள பெரியவர்கள்தான் இருக்கிறார்கள்.

அதனால் ஒரு வேண்டுகோள். இந்தப் பொங்கல் விடுமுறையில் உங்கள் வீட்டு ஆல்பத்தை எடுங்கள். பாட்டியையோ பெரியம்மாவையோ பக்கத்தில் உட்காரவையுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் யார், எங்கே, எந்த வருஷம் என்று கேளுங்கள். பின்பக்கம் பென்சிலால் எழுதுங்கள். பேனா வேண்டாம், மை ஊறி முன்பக்கம் தெரியும். அதோடு, தப்பாக இருந்தால் அழிக்கவும் முடியாது. பட்டபின் வந்த புத்தி. செல்போனில் எடுப்பவர்களும் அதே மாதிரி ஒரு வரி எழுதி வையுங்கள். வேலைக்காரம்மா, டிரைவர், பள்ளி வாட்ச்மேன் என்று ஓரத்தில் நிற்பவர்களின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.

பெரியப்பா கோஷ்டியின் படத்தை இந்த வாரம் மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஏழு பேரில் நான்கு பெயர்கள்தான் எழுத முடிந்தது. கடைசியில் நிற்கும் சாக்ஸபோன்காரருக்கு நேராக ஒரு கோடு மட்டும் போட்டு வைத்திருக்கிறேன். அமெரிக்காவில் 1939-இல் யார் எந்த நாற்காலியில் உட்கார்ந்தார்கள் என்று எனக்குத் தெரியும். என் பெரியப்பாவோடு முளைப்பாரி ஊர்வலத்தில் நடந்தவர் பெயர் தெரியவில்லை. சரித்திர வாத்தியாருக்கு இதைவிடப் பெரிய ஃபெயில் மார்க் கிடையாது.

படத்தை நாளை தனியாகப் போடுகிறேன். திண்டுக்கல் பக்கத்து உறவுகள், பெரியவர்களிடம் காட்டிக் கேளுங்கள். யாருக்காவது அவரைத் தெரிந்தால் ராத்திரி எத்தனை மணியானாலும் எனக்குப் போன் பண்ணுங்கள். பென்சில் தயாராக இருக்கிறது.

என்றும் அன்புடன்,
உங்கள் சரித்திர வாத்தியார்